தொட்டுச் சொல்லித் தரும் கை

கச்சிராயபாளையத்திலிருந்து கோமுகி அணையைத் தாண்டி மலையேறினால் வெள்ளிமலை வரும். அங்கிருந்து மண்பாதையில் நடந்து சேரும் ஒரு சிற்றூரில், கடுக்காய் காயப்போட்ட களத்தின் ஓரத்தில் அந்தச் சிறுமியைப் பார்த்தோம். ஒன்பது வயதிருக்கும். பிறந்தது முதலே பார்வை இல்லை. தாயும் தகப்பனும் கேரளத்துக்கு மிளகுத் தோட்ட வேலைக்குப் போயிருக்கிறார்கள். பாட்டி கூடையிலிருந்து கொட்டக் கொட்ட, இவள் ஒவ்வொரு காயாக எடுத்து இரண்டு குவியலாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். ஒரு குவியல் நன்றாகக் காய்ந்தது. மற்றது இன்னும் ஈரம் உள்ளது.

"எப்படிம்மா கண்டுபிடிக்கிற?" என்று கேட்டோம்.

"காஞ்சது இன்னொண்ணு மேல பட்டா சத்தம் போடும். பச்சை பேசாது" என்றாள்.

பள்ளிக்கூடம் பற்றிப் பாட்டியிடம் கேட்டோம். "பேரு எழுதியிருக்குதுங்க. வாத்தியாரு வந்து எழுதிக்கினு போனாரு. கண்ணு தெரியாத புள்ள அங்க போயி இன்னா பண்ணும்? இங்க இருந்தா எனக்கு ஒத்தாசை" என்றார்.

பெயர் பதிவேட்டில் இருக்கிறது. பிள்ளை களத்தில் இருக்கிறது. பாட்டியைக் குறை சொல்ல நமக்கு வாயில்லை. கல்வராயன் மலை 1976 வரை ஜாகீர்தார்களின் பிடியில் இருந்தது. அவர் சிறுமியாக இருந்த காலத்தில் கண் தெரிந்த பிள்ளைகளுக்கே அந்த மலையில் படிப்பு எட்டாக்கனி. ஆனால், காய்ந்த காயையும் பச்சைக் காயையும் விரலாலும் காதாலும் பிரித்தறிகிற ஒரு பிள்ளைக்கு எழுத்து வராது என்று யார் முடிவு செய்தது?

இந்தக் கேள்வி மலைக்கு மட்டும் உரியதல்ல. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடிப் பேர். மொத்த மக்கள்தொகையில் அது 2.21 விழுக்காடு. பட்டியல் சாதியினரை மட்டும் எடுத்துக்கொண்டால் 2.45 விழுக்காடு. சத்துக் குறைவு, எட்டாத மருத்துவம், ஆபத்தான வேலை எல்லாம் சேர்ந்த கணக்கு இது. சேரியிலும் மலையிலும் பிறக்கும் பார்வையற்ற பிள்ளை இரண்டு சுவர்களை ஒரே நேரத்தில் தாண்ட வேண்டியிருக்கிறது.

குத்தூசியில் பிறந்த எழுத்து

பார்வையற்றோர் விரலால் தடவிப் படிக்கும் எழுத்தைக் கண்டுபிடித்தவர் லூயி பிரெய்லி. 1809-ல் பிரான்சில் ஒரு கிராமத்தில் பிறந்தவர். அப்பா குதிரைச் சேணம் தைக்கும் தோல் தொழிலாளி. மூன்று வயதில், அப்பாவின் பட்டறையில் தோல் துளைக்கும் கருவியோடு விளையாடும்போது கண்ணில் குத்திக்கொண்டார். ஒரு கண்ணில் ஏற்பட்ட தொற்று மறுகண்ணுக்கும் பரவி, சில ஆண்டுகளில் இரண்டு கண்ணும் போயின. 15 வயதில், 1824-ல், அவர் ஆறு புள்ளி எழுத்தை உருவாக்கினார். தாளில் புள்ளியைக் குத்தி மேடாக எழுப்பும் அந்தக் கருவி, நம் தெருவில் செருப்புத் தைக்கும் தாத்தாவின் குத்தூசிக்குத் தம்பி முறை.

அந்த எழுத்து உடனே வரவேற்கப்படவில்லை. பார்வையுள்ளவர்களுக்குப் புரியாத எழுத்து எதற்கு என்ற எதிர்ப்பு அவர் படித்து, ஆசிரியராகவும் இருந்த பாரிஸ் பள்ளியிலேயே எழுந்தது. 1852-ல் பிரெய்லி இறந்தார். அந்தப் பள்ளி அவருடைய எழுத்தை முறைப்படி ஏற்றுக்கொண்டது 1854-ல். யார் எந்த எழுத்தைப் படிக்கலாம் என்பதை வேறு யாரோ தீர்மானிப்பது நமக்குப் புதிய கதையா?

தமிழ்நாட்டில் 1890-ல் பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் என்ற ஆங்கிலப் பெண்மணி பார்வையற்றோருக்குப் பள்ளி தொடங்கினார். நான்கு ஆண்டு கழித்து, 1894-ல், சென்னை அடையாற்றில் கர்னல் ஆல்காட் பஞ்சமர் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். பார்வையற்ற பிள்ளைக்கும் தலித் பிள்ளைக்கும் பள்ளிக் கதவு ஏறக்குறைய ஒரே காலத்தில்தான் திறந்தது. ஒரே பிள்ளை இரண்டுமாக இருந்தால் எந்தக் கதவு வழியாகப் போவது என்ற கேள்விக்கு இன்றும் முழு விடை கிடைக்கவில்லை.

நாடு விடுதலை பெற்ற பிறகு, 1951-ல், இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவான பாரதி பிரெய்லி ஏற்கப்பட்டது. தமிழில் எழுத்து 247. பிரெய்லியில் புள்ளி ஆறுதான். இரண்டு வரிசை, வரிசைக்கு மூன்று. இந்த ஆறை மாற்றி மாற்றி வைத்தால் 63 வடிவங்கள் கிடைக்கும். இடப்பக்க வரிசையில் மேலே ஒரு புள்ளி மட்டும் இருந்தால் 'அ'. அதே வரிசையில் மேலும் கீழும் இரண்டு புள்ளி இருந்தால் 'க'. 'கா' எழுத வேண்டுமானால் ககரக் குறி, அடுத்து ஆகாரக் குறி. அவ்வளவுதான். இலக்கணத்தில் உயிரும் மெய்யும் சேர்ந்து உயிர்மெய் என்று படித்திருப்போமே, அது இங்கே விரலுக்கே தெரியும்.

வீட்டில் தொடங்க ஒரு பைசா செலவில்லை. முட்டைக்கடை அட்டையில் ஆறு குழிகளை மட்டும் வெட்டி எடுங்கள். புளியங்கொட்டையோ கடுக்காயோ போதும். மேல் இடக்குழியில் ஒன்று வைத்தால் 'அ'. இந்தப் பெரிய குழிகளில் வடிவம் பழகிய பிள்ளை, பிறகு தாளில் உள்ள சிறு புள்ளிகளுக்குப் போகலாம்.

கையைத் தொடாமல் எழுத்து வருமா?

சில ஆண்டுகளுக்கு முன் சமவெளியில் ஒரு காலனியில் ஒரு தாய் எங்களிடம் சொன்னதை இங்கே எழுத வேண்டும். ஊர்ப் பெயர் வேண்டாம். பார்வையற்ற அவருடைய மகனுக்கு வீட்டிலேயே சொல்லித்தர ஒருவர் வந்திருக்கிறார். வாசலோடு நின்றுகொள்வார். பாய் போட்டால் உட்கார மாட்டார். தண்ணீர் கொடுத்தால் "இப்பதாம்மா குடிச்சேன்" என்பார். பையனின் விரலைப் பிடிக்காமல், "மேலே தடவு, கீழே தடவு" என்று தள்ளி நின்று வாயாலேயே பாடம் நடத்தியிருக்கிறார். ஆறு மாதம் கழித்தும் பையனுக்கு மூன்று எழுத்துகூடத் தெரியவில்லை. "புத்தி போதாது" என்று சொல்லிவிட்டு அவர் வருவதை நிறுத்திக்கொண்டார்.

அடுத்து வந்தவர் ஒரு பெண். பாயில் உட்கார்ந்தார். பையனைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவன் விரலைத் தன் விரல் மேல் வைத்துப் புள்ளி புள்ளியாக நகர்த்தினார். அந்த வருடம் முடிவதற்குள் அவன் தன் பெயரையும் அம்மா பெயரையும் தடவிப் படித்தான். "அவனுக்கு மூளை அன்னிக்கும் இருந்துச்சுங்க. தொடற ஆள்தான் இல்ல" என்றார் அந்தத் தாய்.

அரசமைப்புச் சட்டத்தின் 17-வது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. நாம் அதைக் கோயில், குளம், தேநீர்க்கடை, சுடுகாட்டுப் பாதை என்று பேசிப் பழகியிருக்கிறோம். பார்வையற்ற பிள்ளையின் விஷயத்தில் தீண்டாமை பாடத்தையே கொன்றுவிடுகிறது. கண்ணுள்ள பிள்ளையைக் கடைசி வரிசையில் உட்காரவைத்தாலும் அது கரும்பலகையை எட்டிப் பார்த்தாவது கற்றுக்கொள்ளும். தொட்டுக் கற்க வேண்டிய பிள்ளையைத் தொட மறுத்தால் அதற்கு எழுத்தே கிடையாது.

எல்லாச் சிறப்பாசிரியர்களும் அப்படி என்று நாங்கள் சொல்லவில்லை. தொகுப்பூதியத்தில், ஒரே நாளில் பல பள்ளிகளுக்கு இருசக்கர வண்டியில் ஓடி, தம் கைக்காசில் பொருள் வாங்கிச் சொல்லித் தருகிறவர்கள் நம் மாவட்டத்தில் இருக்கிறார்கள். அவர்களுடைய பணியை நிரந்தரமாக்கச் சொல்லும் கோரிக்கை நம்முடைய கோரிக்கையும்தான்.

முதுகில் எழுதிய எழுத்து

பார்வையும் கேட்கும் திறனும் ஒருசேர இல்லாத அல்லது குறைந்த பிள்ளைகள் உண்டு. அவர்களுக்குத் தொடுதல் ஒன்றே வாசல். அமெரிக்காவில் ஹெலன் கெல்லர் 19 மாதக் குழந்தையாக இருந்தபோது காய்ச்சலில் இரண்டையும் இழந்தார். 1887 ஏப்ரல் 5 அன்று, ஆசிரியை ஆன் சல்லிவன் அவருடைய ஒரு கையில் தண்ணீரை ஓடவிட்டு, மறு கையில் 'தண்ணீர்' என்ற சொல்லை எழுத்தெழுத்தாக விரலால் உணர்த்தினார். பொருளுக்குப் பெயர் உண்டு என்று அன்றைக்குத்தான் ஹெலனுக்கு விளங்கியது.

ஹெலனை எல்லோருக்கும் தெரியும். நாம் தெரிந்துகொள்ள வேண்டியவர் ஆன் சல்லிவன். பிழைக்க வந்த அயர்லாந்துக் குடும்பத்துப் பெண். கண் நோயால் பார்வை மங்கியவர். தாய் இறந்த பிறகு, 1876-ல், தம்பியோடு ஏழைகள் விடுதி ஒன்றில் கொண்டுபோய் விடப்பட்டார். சில மாதங்களில் தம்பி அங்கேயே இறந்தான். விடுதியைப் பார்வையிட வந்த அதிகாரியிடம் தன்னைப் பள்ளிக்கு அனுப்பச் சொல்லிக் கெஞ்சி, 1880-ல் பெர்கின்ஸ் பள்ளியில் சேர்ந்தார். அப்போது வயது 14. எழுதப் படிக்கத் தெரியாது. ஆறே ஆண்டில் வகுப்பில் முதல் மாணவியாகத் தேறினார். உலகம் கொண்டாடும் அந்த ஆசிரியை, யாரும் பொருட்படுத்தாத ஓர் ஏழை விடுதியிலிருந்து வந்தவர்.

நம் ஊரிலும் தொட்டுக் கற்ற கதை உண்டு. 17-ம் நூற்றாண்டுப் புலவர் அந்தகக்கவி வீரராகவ முதலியார் பிறவியிலேயே பார்வையற்றவர். அவருடைய முதுகில் எழுத்துகளை எழுதிக்காட்டிக் கற்பித்தார்கள் என்று சொல்வார்கள். பிற்பாடு அவர் புராணம் பாடினார், அரசவைகளில் பரிசு பெற்றார். எழுத்தறிந்த வீடு, எழுதிக்காட்டக் கை இருந்தது. அதே காலத்தில் சேரியில் பார்வையின்றிப் பிறந்த பிள்ளையின் முதுகில் எழுத்து விழவில்லை. அடிதான் விழுந்தது. திறமை எங்கும் பிறக்கிறது. எழுதிக்காட்டும் கைதான் எல்லா இடத்துக்கும் வருவதில்லை.

சின்னசேலம் பக்கம் ஒரு காலனியில், பார்வையும் செவியும் இல்லாத ஒரு பையனைப் பார்த்தோம். சித்தப்பா பறைக் கலைஞர். தீயில் காய்ச்சிய பறையை அவர் அடிக்கும்போது பையன் வந்து அதன் சட்டத்தில் உள்ளங்கையை வைத்துக்கொள்வான். அடி மாறினால் முகம் மாறும். பிறகு அம்மாவின் தோளில் அதே அடியைத் தட்டிக்காட்டுவான். இதை அதிசயம் என்று எழுதிப் பிள்ளையை வேடிக்கைப் பொருளாக்க நாங்கள் விரும்பவில்லை. அதிர்வை நினைவில் வைத்துத் திருப்பிச் சொல்கிற மூளை, சொல்லையும் நினைவில் வைக்கும் என்பதுதான் செய்தி. சாப்பாட்டுக்கு முன் தினமும் கையில் ஒரு தட்டைக் கொடுங்கள். குளிக்கும் முன் துண்டைக் கொடுங்கள். வெளியே கிளம்பும் முன் செருப்பைக் கொடுங்கள். நாள்தோறும் ஒரே வரிசையில் செய்தால் அந்தப் பொருளே சொல்லாகிவிடும். ஒரு நாள் பிள்ளையே தட்டை எடுத்து வந்து உங்கள் கையில் வைக்கும். அது அதன் முதல் வாக்கியம்.

இதில் ஒரு மரியாதையும் உண்டு. பிள்ளையின் கையைப் பிடித்து இழுக்கக் கூடாது. நம் கையைக் கீழே வைத்து, பிள்ளையின் கையை மேலே வைக்கவிட வேண்டும். வேண்டாம் என்றால் அது கையை எடுத்துக்கொள்ளும் உரிமை அதற்கு உண்டு.

தலைவிதி அல்ல

"போன ஜென்மத்துப் பாவம்" என்ற பேச்சு நம் தெருக்களில் இன்னும் ஓயவில்லை. சாதியையும் அதே வார்த்தையால்தான் நியாயப்படுத்தினார்கள் என்பதை நாமே மறந்துவிடுகிறோம். கர்ப்பத்தின் தொடக்க மாதங்களில் தாய்க்கு ரூபெல்லா அம்மை வந்தால் பிள்ளைக்குக் கண்புரை, செவிட்டுத்தன்மை, இதயக் கோளாறு மூன்றும் சேர்ந்து வரலாம். இதைத் தடுக்கும் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி இயக்கம் தமிழ்நாட்டில் 2017 பிப்ரவரியில் தொடங்கியது. நெருங்கிய சொந்தத்தில் திருமணம் செய்வதால் சில பரம்பரைக் கண் நோய்களுக்கும் செவிக் குறைபாடுகளுக்கும் வாய்ப்பு கூடுகிறது. வைட்டமின் ஏ குறைந்தால் கருவிழி கெடும். ஒன்பதாவது மாதம் முதல் ஐந்து வயது வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கும் திரவத்தையும், வேலியோரம் கிடைக்கும் முருங்கைக்கீரையையும் விட்டுவிடக் கூடாது.

2024 ஜூனில் கருணாபுரத்தில் நடந்ததை நம் மாவட்டம் மறக்காது. மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. மெத்தனால் பார்வை நரம்பைத் தாக்கும் நஞ்சு. கண் மங்குகிறது என்று சொல்லியபடியே பலர் மருத்துவமனைக்குத் தூக்கிவரப்பட்டார்கள். அது யாருடைய ஊழ்வினையும் அல்ல. பார்வையிழப்புக்கு எப்படிக் காரணம் உண்டோ, கல்வியிழப்புக்கும் அப்படியே காரணம் உண்டு.

பாட்டு மட்டும்தானா?

பார்வையற்ற பிள்ளை என்றால் பாடும், ஆர்மோனியம் வாசிக்கும் என்று நாம் ஒரு கட்டம் கட்டிவைத்திருக்கிறோம். பாடினால் நல்லது. கதை எழுதலாம், களிமண்ணில் உருவம் செய்யலாம், படமும் வரையலாம். ஓர் அட்டையில் கொசுவலைக் கம்பியை இழுத்து ஒட்டுங்கள். மேலே தாளை வைத்து மெழுகுக் கலர் குச்சியால் அழுத்திக் கீறினால் கோடு சொரசொரப்பாக எழும். பிள்ளை தான் வரைந்ததைத் தானே தடவிப் பார்க்கும். மாடு வரையச் சொல்வதற்கு முன் ஒரு மாட்டைக் கொம்பிலிருந்து வால் வரை தொட்டுப் பார்க்க விடுங்கள். தொட்டுப் பார்க்காத பொருளுக்குச் சொல் மட்டும் கொடுப்பது வெறும் மனப்பாடம்.

தேனி சீருடையானின் 'நிறங்களின் உலகம்' நாவலை மாணவர்கள் தேடிப் படிக்க வேண்டும். இளமையில் பார்வையிழந்து பார்வையற்றோர் பள்ளியில் படித்த அனுபவத்திலிருந்து எழுந்த நாவல் அது. 'விரல்மொழியர்' என்ற மின்னிதழில் தமிழ்ப் பார்வையற்றோரே எழுதுகிறார்கள். சென்னையைச் சேர்ந்த பெனோ ஜெஃபின் 2015-ல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்தார். முழுப் பார்வையற்றவர் ஒருவர் அப்பணியில் சேர்ந்தது அதுவே முதல்முறை. மதுரை பூரண சுந்தரி 2020-ல் வெளியான குடிமைப்பணித் தேர்வு முடிவில் வென்றார். அவர்களுக்கு வீட்டில் புத்தகம் வாசித்துக்காட்ட ஆள் இருந்தது. நம் வீடுகளில் அம்மாவும் அப்பாவும் கூலிக்குப் போய்விடுவார்கள், பலருக்குப் படிக்கவும் தெரியாது.

இங்கேதான் கல்லூரி மாணவர்களுக்கு வேலை இருக்கிறது. உங்கள் தெருவில், பக்கத்து ஊரில் ஒரு பார்வையற்ற பிள்ளை இருந்தால் வாரம் இரண்டு மணி நேரம் பாடம் வாசித்துக்காட்டுங்கள். கைப்பேசியில் பதிவு செய்து கொடுங்கள். தேர்வில் சொல்வதை எழுத ஆள் தேவைப்படும், அதற்குப் போய் நில்லுங்கள். ஆண்ட்ராய்டு கைப்பேசியில் டாக்பேக்கைத் திறந்துவிட்டால் திரையில் உள்ளதைத் தமிழில் வாசிக்கும். கணினிக்கு என்.வி.டி.ஏ. என்ற இலவச மென்பொருள் உண்டு. அதை எழுதத் தொடங்கியவர்களே பார்வையற்ற இரண்டு ஆஸ்திரேலிய இளைஞர்கள்தாம்.

சட்டம் சொல்வதும் நாம் கேட்பதும்

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடுள்ள 6 முதல் 18 வயதுப் பிள்ளைக்கு அருகிலுள்ள பள்ளியிலோ, விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி உரிமை. புத்தகமும் கருவியும் 18 வயது வரை இலவசம். பிரெய்லி தெரிந்த ஆசிரியரை அமர்த்துவதும், ஐந்தாண்டுக்கு ஒருமுறை இப்பிள்ளைகளைக் கணக்கெடுப்பதும் அரசின் கடமை. செவி-பார்வை இரண்டும் இழந்த நிலை அச்சட்டத்தில் தனியே பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கிறது. கடுமையான குறைபாடுள்ள பிள்ளைக்கு வீட்டுவழிக் கல்வியைத் தேர்ந்துகொள்ளும் உரிமை கல்வி உரிமைச் சட்டத்தின் 2012 திருத்தத்தில் வந்தது. அது பெற்றோரின் விருப்பம். பள்ளி தட்டிக்கழிக்க அது சாக்காகக் கூடாது.

பூந்தமல்லியிலும் திருச்சியிலும் அரசுப் பார்வையற்றோர் மேல்நிலைப் பள்ளிகள் இருக்கின்றன. பல்வகைக் குறைபாடுள்ளோருக்கான தேசிய நிறுவனம் 2005 முதல் முட்டுக்காட்டில் இயங்குகிறது. ஆனால் சான்று வாங்க மலையிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு இறங்கவே ஒரு நாள் கூலி போகும். ஆகவே நாம் கேட்பது இவ்வளவுதான்: மருத்துவச் சான்று முகாம் வெள்ளிமலைக்கே வரட்டும். ஆதிதிராவிடர் நலப் பள்ளி, விடுதிகளிலும் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளிலும் எத்தனை பார்வையற்ற, செவி-பார்வையற்ற பிள்ளைகள் படிக்கிறார்கள் என்ற எண்ணிக்கையை மாவட்ட நிர்வாகம் வெளியிடட்டும். ஒன்றியத்துக்கு ஒருவராவது பிரெய்லி தெரிந்த நிரந்தர ஆசிரியர் இருக்கட்டும். வீட்டுக்கு வரும் ஆசிரியர் வாசலோடு நின்றால், அது வெறும் மனக்கசப்பு அல்ல, புகார் கொடுக்க வேண்டிய குற்றம் என்பதைப் பெற்றோர் அறியட்டும்.

நம் இயக்கங்களுக்கும் ஒரு சொல். இத்தனை ஆண்டு போராட்டத்தில் இந்தப் பிள்ளைகளுக்காக நாம் எத்தனை மனு எழுதினோம்? பெயர் இருக்கும்போதே 'குருட்டுப் புள்ள' என்று கூப்பிடுவதை நம் தெருவிலாவது நிறுத்தியிருக்கிறோமா? இழிபெயர் எப்படிச் சுடும் என்று நமக்குத் தெரியாதா?

இரண்டாம் முறை மலைக்குப் போனபோது முட்டை அட்டையை வெட்டி எடுத்துப்போனோம். சிறுமியின் கூடையிலிருந்தே ஒரு கடுக்காயை எடுத்து மேல் இடக்குழியில் வைத்தோம். தடவிப் பார்த்தாள். 'அ' என்றோம். காயை எடுத்தாள், மறுபடி வைத்தாள், அவளே சொன்னாள். பாட்டி வேலையை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "எனக்கும் காட்டுங்க" என்றார்.

அவள் இன்னும் பள்ளிக்குப் போகவில்லை. மனு கொடுத்திருக்கிறோம். ஜூனில் பள்ளி திறக்கும்போது பதிவேட்டில் உள்ள பெயருக்கு அவள் நேரில் போய் "உள்ளேன் ஐயா" சொல்ல வேண்டும். அதுவரை விடப்போவதில்லை.